நோட்டுப் புத்தகத்தில் அடங்காத மெட்டு

மட்டாஞ்சேரி யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிய மலையாளப் பாட்டுகளைக் காப்பாற்றியது ஒலிநாடா. ஆனால் அது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதர் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. சுக்கு, மிளகு, ஏலக்காய் வாசனை ஆளைச் சூழ்ந்துகொள்கிறது. அடுத்தது கண்ணுக்கு. இரு பக்கமும் பழம்பொருள் கடைகள், பித்தளை விளக்குகள், வாசலில் தொங்கும் சால்வைகள். தெருக் கோடியில் மணிக்கூண்டு. அதன் அருகே 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் காலடியில் சீனாவில் இருந்து வந்த, கையால் வரைந்த நீல வெள்ளை ஓடுகள். தலைக்கு மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். எல்லாம் பத்திரமாக இருக்கிறது. வழிகாட்டிகள் ஒவ்வொன்றையும் சுட்டிக் காட்டுகிறார்கள்.

காதுக்கு மட்டும் இங்கே எதுவும் இல்லை.

இதே தெருவில் ஒரு காலத்தில் கல்யாணம் என்றால் நாள்கணக்கில் பாட்டுக் கேட்கும். பாடியவர்கள் பெண்கள். பாடியது மலையாளத்தில். மணப்பெண்ணை அலங்கரிக்கப் பாட்டு, மாப்பிள்ளை வரும்போது பாட்டு, பண்டிகைக்குப் பாட்டு, ஜெப ஆலயத்தின் பெருமையைச் சொல்லப் பாட்டு. வட்டமாக நின்று கைகொட்டி ஆடியபடி பாடுவதும் உண்டு. வாத்தியம் கிடையாது. மேடை கிடையாது. தனி நட்சத்திரம் என்று யாரும் கிடையாது. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

இந்தத் தெருவில் பூவேலை செய்த துணிகள் விற்ற கடையால் ஊரறிந்தவரான ஸாரா கோஹன் 2019-இல் தமது 96-ஆவது வயதில் காலமானார். 2024 ஆகஸ்டில் குவீனி ஹாலெகுவாவும் மறைந்தபோது, மட்டாஞ்சேரியின் பரதேசி யூதர்களில் கடைசிப் பெண்மணியும் போய்விட்டார். ஆனால் அந்தப் பாட்டுகள் முழுக்க மறைந்துவிடவில்லை. அவற்றைக் கேட்க வேண்டுமானால் இன்று ஜெருசலேமின் ஒலிக் காப்பகத்தை நாட வேண்டும். மட்டாஞ்சேரியில் பிறந்த பாட்டு அங்கே போனது எப்படி என்பதுதான் இந்தக் கதை.

பெண்களின் சொத்து

கேரள யூதர்களுக்கு 20-ஆம் நூற்றாண்டில் எட்டு ஜெப ஆலயங்கள் இருந்தன. மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. இந்த எட்டுச் சபைகளின் பெண்களும் பாடி வந்த பாட்டுகள் ஏறத்தாழ 300 இருக்கும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணக்கு.

உலகின் பல பகுதிகளில் வைதிக யூதர்களிடையே, ஆண்கள் காது கேட்கப் பெண்கள் பாடுவது கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. கேரளத்தில் அந்தக் கட்டுப்பாடு எடுபடவில்லை. இங்கே பெண்கள் ஆண்கள் முன்னிலையிலேயே பாடினார்கள். ஹீப்ரு மொழியில் உள்ள துதிப் பாடல்களை ஆண்களோடு சேர்ந்தும் பாடினார்கள். மலையாளப் பாட்டுகளோ அவர்களுக்கே உரிய சொத்து.

அந்தச் சொத்தின் பத்திரம், கையால் எழுதிய நோட்டுப் புத்தகம். தாயின் நோட்டைப் பார்த்து மகள் எழுதிக்கொள்வாள். அவளுடையதைப் பார்த்துப் பேத்தி. மலையாள எழுத்தில் பக்கம் பக்கமாகப் பாட்டுகள். எழுதி எழுதி வந்ததில் சொற்கள் உடைந்தன, ஒட்டின, மாறின. மிகப் பழைய சொற்கள் சிலவற்றுக்குப் பாடியவர்களுக்கே பொருள் தெரியாது. ஆனாலும் விடவில்லை. பாட்டி பாடிய சொல், அப்படியே இருக்கட்டும்.

நோட்டில் இல்லாதது ஒன்றே ஒன்று. மெட்டு. ஸ்வரக் குறிப்பு எழுதும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. மெட்டு எல்லார் தொண்டையிலும் இருந்தது. அடுத்த கல்யாணத்தில் அது தானாகவே அடுத்தவள் தொண்டைக்குப் போய்விடும். அடுத்த கல்யாணமும் இதே தெருவில்தான் நடக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

கார்குழலியும் கிளியும்

தமிழ் வாசகருக்கு இந்தப் பாட்டுகள் அந்நியமானவை அல்ல. மலையாள அறிஞர் ஸ்கரியா ஸக்கரியாவும் இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர் ஓஃபிரா கம்லியேலும் இவற்றைத் தொகுத்து, ஹீப்ரு மொழிபெயர்ப்போடு 2005-இல் ஜெருசலேமில் ஒரு நூலாக வெளியிட்டார்கள். அதன் பெயர் 'கார்குழலி'. நமக்கு விளக்கம் தேவையில்லை. கருங்கூந்தல்காரி, மணப்பெண். யூத ஜெப ஆலயத்துக்கு மலையாளத்தில் 'பள்ளி' என்று பெயர். நமது பள்ளிவாசலில் உள்ள அதே பள்ளி. யூத மணப்பெண்ணின் கழுத்தில் தாலியும் ஏறியது. கேரளத்துக்குக் கிளிப்பாட்டு, நமக்கு மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் கிளி, தூது போவதற்கும் கிளி. யூதப் பெண்களின் பாட்டுக்குள்ளும் அதே கிளி பறந்து வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த உறவு பழையது. சேர மன்னன் பாஸ்கர ரவி கி.பி. 1000 வாக்கில் யூதத் தலைவர் ஒருவருக்கு 72 உரிமைகளை வழங்கிய செப்பேடு மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்துக்கு உரியது. வட்டெழுத்தில் பொறித்தது. அதில் அவர் பெயர் 'இஸ்ஸுப்பு இரப்பான்'. யோசேப்பு ரப்பான் என்பதைத்தான் நம் நாக்கு அப்படிச் சொன்னது. அந்தச் செப்பேட்டில் வரும் 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகக் குழுவின் பெயர் தமிழ்நாட்டுக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் இருக்கிறது. யோசேப்பு ரப்பானைப் பெண்களின் பாட்டுகளும் மறக்கவில்லை.

யோசேப்பு, ரூத், எஸ்தர், தாவீது என்று வேதாகமப் பாத்திரங்களும் மலையாளம் பேசிக்கொண்டு இந்தப் பாட்டுகளில் நடமாடுகிறார்கள். எவராயி என்ற பெரியவர் ஜெருசலேமிலிருந்து பல நாடுகளைக் கடந்து கேரளத்தின் பாலூருக்கு வந்து சேர்ந்த பயணத்தைச் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. கேரள ஆராய்ச்சியாளர் பி.எம். ஜஸ்ஸே அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். யூதக் கல்யாணப் பாட்டுகளையும் கேரளத்தின் க்னானாயக் கிறிஸ்தவர்களின் கல்யாணப் பாட்டுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவரும் அவரே. அண்டை வீட்டுப் பாட்டு வேலி தாண்டி வருவது கேரளத்தில் புதிதல்ல.

வேலி தாண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. கேரள யூதர்களுக்குள்ளேயே பிரிவினை கடுமையாக இருந்தது. வெளிநாடுகளிலிருந்து பிற்காலத்தில் வந்தவர்கள் பரதேசிகள். முன்பிருந்தே வாழ்ந்தவர்கள் மலபாரிகள். ஒருவர் மற்றவருக்குப் பெண் கொடுக்கமாட்டார். பரதேசி ஆலயத்திலேயே, விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததி என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குச் சம உரிமை கிடையாது. தரையிலும் படியிலும்தான் உட்கார வேண்டும். அந்தப் பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. ஸாலம் (1882-1967) காந்தி வழியில் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்து போராடியதால் 'யூத காந்தி' என்று பேர் பெற்றார். ஆனால் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு காட்சி. ஒரே பாட்டு பரதேசி வீட்டு நோட்டிலும் இருக்கிறது, மலபாரி வீட்டு நோட்டிலும் இருக்கிறது. ஆண்கள் ஒன்றாக உட்கார மறுத்த காலத்திலும் பெண்களின் பாட்டு எல்லா வீட்டுக்கும் போய் வந்திருக்கிறது.

கடல் கடந்த பாட்டு

இஸ்ரேல் 1948-இல் உருவானது. 1950-களின் நடுப்பகுதிக்குள் கேரள யூதர்களில் பெரும்பாலோர், ஏறத்தாழ 2,400 பேர், புறப்பட்டுப் போய்விட்டார்கள். இவர்களை யாரும் விரட்டவில்லை. கொச்சி ராஜா தமது அரண்மனையை ஒட்டியே ஜெப ஆலயத்துக்கு நிலம் கொடுத்த ஊர் இது. போனது பக்தியால், புது நாட்டின் மீதிருந்த ஆசையால், பிழைப்பைத் தேடியும்தான்.

அங்கே கிடைத்தது விவசாயக் குடியிருப்பு வாழ்க்கை. தெற்கே பாலைநிலத்தில் நெவாட்டிம், ஜெருசலேம் பக்கத்து மலைகளில் மெஸிலாத் ஸியோன், தாவோஸ், இப்படிச் சில ஊர்கள். மிளகும் தென்னையும் பார்த்து வளர்ந்தவர்கள் கல்லும் புழுதியும் நிறைந்த மண்ணில் இறங்கினார்கள். போகும்போது பல பெண்கள் நோட்டுப் புத்தகத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள்.

நோட்டு போய்ச் சேர்ந்தது. அதைப் படிக்கும் ஆள்தான் குறைந்துகொண்டே போனது. பிள்ளைகள் ஹீப்ரு பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். பல தேசங்களிலிருந்து வந்தவர்களை ஒரே அச்சில் வார்க்க முயன்ற நாடு அது. மலையாளம் வீட்டுக்குள் அடங்கியது, பிறகு பாட்டிகளின் வாயில் மட்டும் மிஞ்சியது. பேரப்பிள்ளைக்கு நோட்டில் இருந்த எழுத்து கோலம் மாதிரிதான் தெரிந்தது. கல்யாணங்களில் வேறு பாட்டுகள் வந்தன. நூற்றாண்டுகளாக அறுபடாமல் வந்த தொடர் இரண்டே தலைமுறையில் அறுபடும் நிலைக்கு வந்தது.

கொச்சியின் ரூபி

இந்த இடத்தில்தான் ரூபி டேனியல் வருகிறார். மட்டாஞ்சேரி யூதர் தெருவில் 1912-இல் பிறந்தவர். ஸாலம் யாருக்காகப் போராடினாரோ அந்த ஒதுக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்த குடும்பம். பெண்கள் வேலைக்குப் போவதே அபூர்வமாக இருந்த காலத்தில் அலுவலகத்தில் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். 1951-இல் இஸ்ரேல் போய், வடக்கே நெயோத் மொர்தெகாய் என்ற கிப்புட்ஸில், அதாவது சொத்தைப் பொதுவில் வைத்து வாழும் கூட்டுப் பண்ணையில் குடியேறினார்.

வயதான பிறகு ரூபி செய்த வேலை, ஒரு பல்கலைக்கழகத் துறை செய்ய வேண்டிய வேலை. தமக்குத் தெரிந்த, சேகரித்த மலையாளப் பாட்டுகளை உட்கார்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். உடைந்த சொற்களைச் சேர்த்துப் பொருள் கண்டார். தம் வாழ்க்கையை அமெரிக்க மானிடவியலாளர் பார்பரா ஜான்ஸனோடு சேர்ந்து 1995-இல் 'ரூபி ஆஃப் கொச்சின்' என்ற நூலாக வெளியிட்டார். யூதர் தெருவின் பெருமையை மட்டுமல்ல, அங்கே தம் குடும்பத்தார் பட்ட அவமானத்தையும் மறைக்காமல் எழுதினார். ஆலயத்தில் சரிசமமாக உட்கார இடம் மறுக்கப்பட்ட வீட்டிலிருந்து வந்த பெண், அந்தச் சமூகம் முழுவதற்கும் நினைவகமாக ஆனார்.

ஒலிநாடா வந்தது

ஜான்ஸன் 1970-களிலேயே கொச்சி யூதர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கியவர். இஸ்ரேலில் ஷெர்லி ஐஸன்பெர்க் போன்றவர்களும் அதே ஆர்வத்தோடு இருந்தார்கள். வீடு வீடாகப் போய் நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்தார்கள். நோட்டை வாங்கியதும்தான் பிரச்சினை புரிந்தது. பாட்டு கையில் இருக்கிறது, ஆனால் பாட்டு இல்லை.

ஒரு நாட்டுப் பாட்டைத் தாளில் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உள்ள தூரம், பாடத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எந்த அடியை இரண்டு முறை பாடுவது, எந்த இடத்தில் இழுப்பது, எங்கே கை தட்டுவது, எங்கே எல்லோரும் சேர்வது, இவை ஒன்றும் எழுத்தில் வராது. ஒரே பாட்டுக்குச் சபைக்குச் சபை வேறு மெட்டும் இருக்கலாம். ஆகவே நோட்டோடு டேப் ரிக்கார்டரும் போனது. குடியிருப்புகளில் வயதான பெண்கள் கூடினார்கள். நினைவுக்கு வந்தவரை பாடினார்கள். சில பாட்டுகள் முழுதாக வந்தன. சில பாட்டுகளுக்குச் சொல் இருந்தது, மெட்டு யாருக்கும் நினைவில் இல்லை.

அப்படிச் சேர்ந்த ஒலிநாடாக்கள் ஜெருசலேமில் தேசிய நூலகத்தின் ஒலிக் காப்பகத்தில் இடம் பிடித்தன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த பாட்டுகளை, ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் 2004-இல் ஒரு சி.டி.யாக வெளியிட்டது. பெயர் 'ஓ, லவ்லி பேரட்!' அதே கிளிதான். தொகுத்தவர் ஜான்ஸன். ரூபி அதைப் பார்க்கவில்லை. 2002-இல் அவர் காலமாகியிருந்தார்.

ஸ்டூடியோவில் இழைத்து இழைத்துப் பதிவு செய்த குரல்களை எதிர்பார்த்து இதைக் கேட்கக் கூடாது. பாடுபவர்கள் தொழில்முறைப் பாடகிகள் அல்ல. வயதான குரல்கள். ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார். ஆனால் அந்தப் பிசிறில்தான் ஒரு தெருவே இருக்கிறது. கல்யாண வீட்டுக் கூடத்தில் நம் அத்தைகளும் சித்திகளும் நலங்குப் பாட்டுப் பாடும்போது இருக்குமே, அதே சேர்த்தியும் அதே சேராமையும்.

காப்பாற்றியவர்களின் வேலையால் பலன் இருந்தது. இஸ்ரேலில் காலியா ஹக்கோ தலைமையில் 'நிரித்' என்ற பெண்கள் குழு இந்தப் பாட்டுகளைக் கற்று மேடைகளில் பாடியது. ஜெர்மன் மொழிபெயர்ப்போடு 2002-இல் ஒரு தொகுப்பு வந்தது. 2009-இல் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் கம்லியேல் இதையே முனைவர் பட்ட ஆய்வாகச் செய்து முடித்தார். கேரளத்தில் இந்தப் பாட்டுகளை மலையாள இலக்கியத்தின் பகுதியாகப் பார்க்க வைத்ததில் 2022-இல் மறைந்த ஸ்கரியா ஸக்கரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

மரமும் மெட்டும்

மட்டாஞ்சேரியில் பரதேசி ஆலயத்துக்குக் கொஞ்ச தூரத்தில் கடவும்பாகம் ஜெப ஆலயம் இருக்கிறது. 1544-இல் கட்டப்பட்டதாகச் சொல்கிறார்கள். அங்கே தொழுதவர்கள் மலபாரி யூதர்கள். அவர்கள் இஸ்ரேல் போனபின் கட்டடம் கிடங்காக மாறியது. அதன் உள்ளே இருந்த மரவேலைப்பாடுகளைப் பிரித்து எடுத்துப் போய், ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மறுபடி பொருத்தி வைத்திருக்கிறார்கள். பார்ப்பவர்கள் வியக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் மிஞ்சிய கட்டடமோ 2019 மழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

மரத்தைக் கழற்றலாம், எண் போட்டு அடுக்கலாம், கப்பலேற்றிக் கொண்டு போய் நாற்பது வருஷம் கழித்துக்கூடப் பூட்டலாம். மெட்டுக்கு அந்த வசதி இல்லை. பாடியவர் போனால் மெட்டும் போனது. 1950-களில் இந்த ஊர்ப் பெண்கள் புறப்பட்டபோது கொச்சியிலேயே யாராவது ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு இவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தால் இன்று எத்தனை பாட்டுகள் இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அந்த நாளில் கிராமஃபோன் கம்பெனிகள் நாடக மேடைப் பாடகிகளையும் கச்சேரி வித்வான்களையும் தேடிப் போயின. கல்யாண வீட்டில் பாடும் பெண்களின் பாட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

தமிழ்நாட்டின் கணக்கும் இதுதான். பெர்ஸி மக்வீன் என்ற ஆங்கில அதிகாரி சேகரித்த நம் நாட்டுப்பாடல்களை கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து 'மலையருவி' என்ற பெயரில் 1958-இல் தஞ்சை சரஸ்வதி மகால் வெளியிட்டது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964-இல் வந்தது. இரண்டும் பெரிய சேவை. ஆனால் அச்சில் வந்தது சொல். பாடிய பெண்ணின் குரல் எங்கே? பள்ளிக்கூடம் போகாத கொல்லங்குடி கருப்பாயியின் குரல் நமக்கு மிஞ்சியதென்றால், அதற்கு வானொலியும் 1985-இல் வந்த 'ஆண்பாவம்' படமும் காரணம். 2025-இல் அவர் மறைந்தபோது நாம் கேட்டுப் பார்க்கப் பதிவுகள் இருந்தன. அவர் தலைமுறையில் அவரைப் போலவே பாடி, பதிவு இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல எந்தக் கணக்கும் கிடையாது.

மட்டாஞ்சேரிப் பெண்களுக்கு இல்லாத ஒரு வசதி இன்று எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு யாரும் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதில்லை. பாட்டியிடம் தாலாட்டோ நலங்குப் பாட்டோ ஒப்பாரியோ இருந்தால், அவர் எதிரே உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்தால் போதும். ஒரு அடி இரண்டு அடியோடு நிறுத்தாமல் பாட்டை முழுதாகப் பாடச் சொல்ல வேண்டும். தப்பு வந்தால் குறுக்கிடக் கூடாது. முடிந்ததும் மூன்று கேள்விகள். இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், எந்த ஊரில், எந்தச் சமயத்தில் பாடுவது? அந்தப் பதிலும் அதே பதிவில் இருக்கட்டும். பிறகு ஒரு பிரதியை வேறொருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.

இதற்குக் கல்யாணம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மட்டாஞ்சேரியில் அப்படித்தான் காத்திருந்தார்கள். அந்தத் தெருவில் அடுத்த கல்யாணம் நடக்கவில்லை.